பதினைந்து கிரெடிட்

வாலஸ் க்ரீக், கன்சாஸ்
8 செப்டம்பர் 2023

ராய்ஸ்,

இருட்டில், குலுங்குகிற வண்டிக்குள், இரத்தம் வடிந்து வெளுத்த ஒரு கையை விரலால் தடவியே நரம்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு, மேசைக்கு எதிரே உட்கார்ந்து பொய் சொல்கிறவனின் முகம் மட்டும் ஏன் பிடிபடவில்லை? யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத கேள்விகளை நான் பொதுவாக எழுதி அனுப்புவதில்லை.

உன்னுடைய சில்வர் டாலன் பல்கலைக்கழகம் இழுத்து மூடப்பட்டதைச் செய்தியில் காட்டினார்கள். கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அந்தத் தாளிலும் ஒரு எழுத்துப் பிழை. கதவுக்கு முன்னால் நின்ற பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருவன் கைப்பிடியை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். முதுகு உன்னுடையது மாதிரி இருந்தது. நீயாக இல்லாமல் இருந்தால் நல்லது. பூட்டிய கதவு ஆட்டினால் திறக்காது என்பது நாற்பத்தாறு வயதுக்குள் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

அப்பாவின் அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். அங்கே நீ படிக்கிற பாடங்கள் கழிவறைத் தாளுக்குச் சமம் என்றேன். தட்டில் பன்றிக்கறியோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னது தவறாக இருக்கலாம். சொன்ன விஷயத்தில் தவறில்லை என்பதை இப்போது கன்சாஸ் மாநிலமே ஒத்துக்கொண்டுவிட்டது. அதற்கு நீ தந்த பதிலையும் நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து உன் எண் என் தொலைபேசியில் தடுக்கப்பட்டிருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். காகிதத்தில் நாம் இருவரும் கொஞ்சம் நாகரிகமாக நடந்துகொள்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லூரியில் நர்சிங் பட்டப்படிப்பு இருக்கிறது. வேறு இடத்தில் படித்த பாடங்களை ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவு செய்கிற கமிட்டிக்கு இந்த ஆண்டு நான் தலைவி. வேறு யாரும் முன்வராததால் கிடைத்த பதவி. உன் மதிப்பெண் பட்டியலை அனுப்பு. அதில் குப்பையல்லாத எதுவும் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

கிரெட்சன்

*

ஜங்ஷன் சிட்டி
20 செப்டம்பர்

முனைவர் கிரெட்சன் அம்மையார் அவர்களுக்கு,

ஆமாம், கதவை ஆட்டினவன் நான்தான். உள்ளே என் ஸ்டெதஸ்கோப் இருந்தது. இராக்கில் வாங்கியது. இன்னும் உள்ளேதான் கிடக்கிறது.

மாணவர் சேர்க்கிற அந்த ஆள் என்னை எப்படிப் பிடித்தான் என்று கேட்கிறாய். சொல்கிறேன், சிரித்துக்கொள். படைத்தள வாசலுக்கு எதிரே, பச்சை குத்துகிற கடைக்கும் அடகுக்கடைக்கும் நடுவில் இருந்தது அந்தப் பல்கலைக்கழகம். உள்ளே போனதும் எழுந்து நின்றான். படைச்சீருடைத் துணியில் டை கட்டியிருந்தான். "சார்ஜன்ட், உங்க சேவைக்கு நன்றி, காப்பி குடிக்கிறீங்களா?" என்றான். காப்பி குடித்தேன். "நீங்க ஒரு பைசா தர வேண்டாம். நீங்க ஏற்கெனவே கொடுத்துட்டீங்க, சார்ஜன்ட்" என்றான். கண்ணில் தண்ணீர் கூட வந்தது அவனுக்கு. எனக்கும் வந்தது என்று வைத்துக்கொள். முதுகுப்பை ஒன்று இலவசமாகக் கொடுத்தான். அந்தப் பை இன்னும் நன்றாக இருக்கிறது. மொத்தத்தில் அது ஒன்றுதான் நல்ல சரக்கு.

படையில் இருந்தவனுக்கு அரசாங்கம் படிக்கத் தருவது முப்பத்தாறு மாதம். அதில் பாதி அங்கே போய்விட்டது. என்ன படித்தேன் தெரியுமா? 'வெற்றிக்கு ஓர் அறிமுகம்' என்று ஒரு பாடம். முதலுதவிக்கு ஒரு பாடம். ஓட்டல் நிர்வாகம் படித்துவிட்டு வந்த ஒரு பையன் அதை எடுத்தான். அவனே உடற்கூறியலும் எடுத்தான். திரையில் இருந்ததைப் படித்துக் காட்டுவான், தொடை எலும்பின் பெயரைத் தப்பாகச் சொல்லுவான். ஆய்வகம் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு இருந்தது, அதற்கு ஒரு கை இல்லை. படை மருத்துவ உதவியாளனாகப் பதினாலு வருஷம், உயிரோடு இருக்கிறவர்களின் எலும்பை வெளியே பார்த்தவன் நான். கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். ஏனென்றால் படையில் கற்றது வெளியில் செல்லாது. இங்கே ஒரு ஊசி போடக்கூட எனக்கு உரிமை கிடையாது. இப்போது என்ன வேலை பார்க்கிறேன் தெரியுமா? கிழவர்களை வண்டியில் ஏற்றி டயாலிசிஸுக்குக் கொண்டுபோய் இறக்குகிறேன். போன வாரம் ஒருவருக்கு வண்டியிலேயே மூச்சு நின்றது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் வரும்வரை "தொடாதே" என்று தொலைபேசியில் மேற்பார்வையாளன் கத்திக்கொண்டே இருந்தான். தொட்டேன். பிழைத்துக்கொண்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

அதனால்தான் நர்சிங். வேறு எந்த வீரமும் இல்லை.

உன் கல்லூரிக்கு ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டேன். நீ இருப்பதால் அல்ல, நீ இருந்தும். ஜனவரியில் இடம் இருப்பது அங்கே மட்டும்தான். கல்லூரிக் கணக்கில் வருஷத்துக்கு ஒன்பது மாதம், ஆக இரண்டு வருஷத்தோடு பணம் நின்றுவிடும், மீதி இரண்டு வருஷத்துக்கு என்ன செய்வேன் என்று தெரியாது. மதிப்பெண் பட்டியல் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. போய்ப் பார்த்துச் சந்தோஷப்படு.

அடக்கத்தன்று நான் சொன்னதை வாபஸ் வாங்கப் போவதில்லை. ஊனமுற்ற படைவீரனின் பிள்ளை என்று அரசாங்கம் உன்னைப் படிக்க வைத்தது. உன் பட்டம் அப்பாவின் கால். வியட்நாமில் விட்டுவிட்டு வந்த அந்தக் காலை வைத்துத்தான் நீ லத்தீன் வரை படித்தாய். என்னுடையதை நானே சம்பாதித்தேன். ஏமாந்தாலும் என் காசில் ஏமாந்தேன்.

ராய்ஸ்

*

வாலஸ் க்ரீக்
19 அக்டோபர்

ராய்ஸ்,

லத்தீன் இல்லை. மத்தியகால வரலாறு. இருபத்தேழு ஆண்டுகளாக நீ தப்பாகச் சொல்கிறாய். காலைப் பற்றிச் சொன்னது சரி. அதனால்தான் அன்று எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

பட்டியலைப் பார்த்தேன். எதிர்பார்த்ததைவிட மோசம். 'தொழில்முறை மின்னஞ்சல்' என்று ஒரு பாடத்துக்கு மூன்று கிரெடிட் தந்திருக்கிறார்கள். எங்கள் டீன் அதைப் படித்திருந்தால் எங்களுக்கெல்லாம் உபகாரமாக இருந்திருக்கும்.

கமிட்டியில் ஐந்து பேர். வேதியியல் பேராசிரியர் ஆன்சல் புரூட் என்று ஒருவர். வாழ்நாளில் ஒருமுறை பாஸ்டனில் கோடைக்காலம் கழித்துவிட்டு, அதன் பிறகு எங்கள் எல்லோரையும் பொறுத்துக்கொண்டு வாழ்கிறவர். அவர் உன் பட்டியலை எடுத்து உரக்க வாசித்தார்.

"வெற்றிக்கு ஓர் அறிமுகம்! ஏ மைனஸ் வாங்கியிருக்காரு. வெற்றியில கொஞ்சம் குறை போல."

எல்லோரும் சிரித்தார்கள். நியாயமாக நானும் சிரித்திருக்க வேண்டும். அந்த நகைச்சுவையை அவருக்கு முன்பே நான் யோசித்துவிட்டேன், இன்னும் நன்றாகவே. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை.

"புரூட், நீங்க கடைசியா எப்ப ஒரு உயிரைக் காப்பாத்தினீங்க?" என்று கேட்டேன்.

"அது பாடத்திட்டத்துல இல்லையே, கிரெட்சன்."

"இந்த ஆளுக்கு அது வேலையா இருந்துச்சு. இந்தப் பாடங்களைப் பார்த்துச் சிரிக்கிறது அந்தப் படைவீரனைப் பார்த்துச் சிரிக்கிறது. அப்படித்தான் குறிப்புல பதிவு செய்யச் சொல்லட்டுமா?"

அந்த வாக்கியத்தை நான் சொன்னேன் என்று நம்ப எனக்கே கஷ்டமாக இருக்கிறது. அடுத்த மாதம் 11 படைவீரர் நாள். வளாகம் முழுக்கக் கொடி, உன்னைப் போன்றவர்களுக்கு இலவச பான்கேக், டீனின் உரை. இந்தச் சமயத்தில் எவனும் அப்படிப் பதிவாக விரும்பமாட்டான். புரூட் பட்டியலை மேசையில் வைத்தார். பிறகு ஒரு மணி நேரம் போராடினேன். உடற்கூறியல், முதலுதவி, மருத்துவச் சொற்கள், உளவியல், மின்னஞ்சல். ஐந்து பாடம், பதினைந்து கிரெடிட். ஏற்கலாம் என்று பரிந்துரை ஆகிவிட்டது. நவம்பர் 9 கூட்டத்தில் இறுதி வாக்கெடுப்பு. அது வெறும் சடங்கு. டீன் விஷயத்தைக் கேள்விப்பட்டு என் வாக்கியத்தைத் தன் உரைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார். படையில் கற்றதை மதிக்கும் கல்லூரி என்று உன்னோடு நின்று படம் எடுக்கப் போகிறாராம்.

நீ என் தம்பி என்று அங்கே யாருக்கும் தெரியாது. நான் இன்னும் ஃபால்க் என்ற பெயரைத்தான் வைத்திருக்கிறேன். மணவாழ்க்கையில் கிடைத்த ஒரே பயன் அது.

இதனால் உனக்கு ஒரு பருவத்துப் படிப்பு குறையும். நன்றி சொல்ல வேண்டாம், உனக்கு அது பழக்கமில்லை.

கிரெட்சன்

*

8 நவம்பர், மாலை
உன் கல்லூரி வண்டி நிறுத்துமிடம்

கிரெட்,

உன் எண்ணில் ஆறு தரம் கூப்பிட்டேன். தடுத்து வைத்திருப்பது மறந்துவிட்டது. அலுவலகத்தில் நீ வகுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். உன் வகுப்பு வாசலில் நின்று கத்துவதற்கு எனக்கு விருப்பமில்லை. பின்சீட்டில் புத்தகமும் பூனைத் தீனியும் கிடக்கிற இந்த நீல வண்டி உன்னுடையதுதான் என்று நினைத்து, கண்ணாடித் துடைப்பானில் இதைச் செருகிவிட்டுப் போகிறேன்.

என்னைக் கெடுத்துவிட்டாய். தெரியாமல்தான். ஆனாலும் கெடுத்துவிட்டாய்.

போன வெள்ளிக்கிழமை படைவீரர் மன்றத்தில் மீன் வறுவல் விருந்து. எல்லோரும் வந்திருந்தார்கள். நானும் பெருமையாக உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அக்கா ஒருத்தி இருக்கிறாள், வாய் தேள் மாதிரி, ஆனால் எனக்காகக் கமிட்டியில் சண்டை போட்டிருக்கிறாள் என்றேன். மார்வ் கையில் இருந்த மீனைக் கீழே வைத்தான். சில்வர் டாலனில் எனக்குப் பக்கத்து மேசைக்காரன் அவன்.

"எத்தனை கிரெடிட்டுடா?"

"பதினஞ்சு."

"முட்டாப் பயலே, நிறுத்தச் சொல்லு அவங்களை! ஸ்கூல் மூடிட்டா அங்க செலவான மாசத்தையெல்லாம் அரசாங்கம் திருப்பித் தருது. ஆனா வேற காலேஜ் பன்னிரண்டோ அதுக்கு மேலயோ கிரெடிட்டை எடுத்துக்கிட்டா ஒண்ணும் கிடையாது. படிச்சது பிரயோஜனப்பட்டுச்சுன்னு கணக்கு. நான் அப்படித்தான் தொலைச்சேன்."

உங்கள் கல்லூரியில் படைவீரர் விவகாரம் பார்க்கிற ஆபீஸில் இன்று வந்து கேட்டேன். உண்மைதான். எனக்கு அந்தப் பதினைந்து வேண்டாம் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமையில்லையாம். சொந்தக் காசில் படிக்கிறவன் சொல்லலாம். அரசாங்கக் காசில் படிக்கிறவனுக்குக் கல்லூரி எதை ஏற்கிறதோ அதைக் கழித்தே ஆக வேண்டுமாம். கமிட்டி ஏற்றால் ஏற்றதுதான்.

ஆக, உன் பதினைந்து கிரெடிட் எனக்கு ஒரு பருவத்தைக் கொடுத்து, நான்கு பருவத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. இரண்டு வருஷத்தில் பணம் நின்று நான் மறுபடி கிழவர்களை ஏற்றி இறக்கப் போவேன். என் மூட்டு தாங்குகிற வரைக்கும்.

நாளைக்கு அந்தக் கமிட்டியில் போய்ச் சொல். அப்பா அடக்கத்தன்று சொன்னாயே, அதையே சொல். அதே குரலில். கழிவறைத் தாள் என்று சொல். ஜென்மம் முழுக்க நீ என்னைப் பார்த்துச் செய்வது அது ஒன்றுதான். ஒரு தரம், ஒரே ஒரு தரம், எனக்காகச் செய்.

இன்னொன்று. சொல்லாமல் போய்விடலாம் என்று நினைத்தேன். உடற்கூறியலை நான் உண்மையாகவே படித்தேன். அந்தப் பையனிடம் அல்ல. நூலகத்தில் பெரிய புத்தகம் எடுத்து, வண்டியில் காத்திருக்கிற நேரமெல்லாம் படித்தேன். படையில் கையால் அழுத்தி இரத்தம் நிறுத்தின அத்தனை குழாய்களுக்கும் பெயர் தெரிந்துகொண்டேன். அதற்கு ஏ கொடுத்தார்கள். அதையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டும். ஒன்றை விட்டுவைத்தால் மற்றதையும் எடுத்துக்கொள்வார்கள். சரி. தூக்கிப் போடு.

ரா.

*

வாலஸ் க்ரீக்
8 நவம்பர், இரவு

ராய்ஸ்,

அது என் வண்டி இல்லை. தத்துவத் துறைக்காரருடையது. அவர் உன் கடிதத்தைப் பாதி படித்துவிட்டு, முகம் வெளுத்து, என்னிடம் கொண்டுவந்து தந்தார். நான் பூனை வளர்ப்பதில்லை. நீ என் வீட்டுக்கு வந்து ஏழு ஆண்டாகிறது, உனக்கு எப்படித் தெரியும்?

சட்டத்தை வாசித்தேன். உன் மார்வ் சொன்னது சரி. ஏமாற்றப்பட்டவன் முழுசாக ஏமாற்றப்பட்டிருந்தால்தான் ஈடு உண்டு. கொஞ்சம் எதையாவது கற்றுத் தொலைத்துவிட்டால் கிடையாது. இதை எழுதியவர்கள் எங்கள் கல்லூரியில் படித்திருக்க வேண்டும்.

ஆனால் நீ கேட்பது நீ நினைக்கிற அளவுக்குச் சுலபமில்லை. இந்த முடிவு மாணவனைப் பாதிக்கும் என்று கமிட்டியில் பேச எனக்கு இடமில்லை. பாடத்தின் தரம் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். தரத்தைப் பற்றியோ, நான் ஏற்கெனவே பேசிவிட்டேன். பேசியது குறிப்பில் இருக்கிறது, டீனின் உரையில் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் சிரித்தவர்களையெல்லாம் தேசத்துரோகிகள் மாதிரி உட்கார வைத்துவிட்டு, நாளைக்குப் போய் நானே சிரித்தால், இவளுக்குப் பைத்தியம் என்று ஒதுக்கிவிட்டுப் பரிந்துரையை அப்படியே நிறைவேற்றுவார்கள். என் பேச்சு அந்த அளவுக்கு நன்றாக அமைந்துவிட்டது. என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை நான் உருக்கமாகப் பேசினேன், அதன் பலன் இது.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. நாளை அதைச் செய்வேனா என்று தெரியாது. அதனால் இந்தக் கடிதத்தை மூடாமல் வைக்கிறேன்.

9 நவம்பர்

கூட்டம் தொடங்கியதும், வாக்கெடுப்புக்கு முன்னால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். டீனும் வந்திருந்தார். பக்கத்தில் படம் எடுக்கிற பெண்ணையும் உட்கார வைத்திருந்தார்.

"இந்த விண்ணப்பதாரர் ராய்ஸ் ஹோல்கம் என் கூடப் பிறந்த தம்பி. அதை நான் மறைச்சுட்டு அவருக்காக வாதாடினேன். விதிப்படி அந்தப் பரிந்துரை செல்லாது. நான் தலைவர் பதவியிலிருந்து விலகுறேன், வாக்களிக்கவும் மாட்டேன். நீங்க நாலு பேரும் முதல்லேருந்து பாருங்க."

படம் எடுக்கிற பெண் கருவியைப் பைக்குள் வைத்தாள். டீன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புரூட் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது. ராய்ஸ், மனிதர்கள் மேல் எனக்கு அதிகம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த மனிதரின் இகழ்ச்சி மேல் முழு நம்பிக்கை வைத்திருந்தேன். அது என்னைக் கைவிடவில்லை.

"அப்ப இது குடும்ப விவகாரம்!" என்றார். "மூணு வாரமா நான் படைவீரர்களை அவமானப்படுத்தினவன்னு வளாகமெல்லாம் பேச்சு. சரி, பார்க்கலாம். உடற்கூறியல் எடுத்தவரோட தகுதி என்ன?"

பதிவாளர் அலுவலகத்துப் பெண் தாளைப் புரட்டினாள். "ஓட்டல் நிர்வாகம், சார்."

"ஆய்வகம்?"

"இல்லை."

"எலும்புக்கூடாவது?"

அதற்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஒரு கை இல்லாதது. நான் சொல்லவில்லை.

அரை மணி நேரம் கிழித்தார். மின்னஞ்சலை வைத்துக்கொண்டு பத்து நிமிடம். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள், இம்முறை கொஞ்சம் அதிகமாகவே, என்னைப் பார்த்துக்கொண்டு. நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதிகம் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

நர்சிங் துறையிலிருந்து வந்த ஜோனெல் மட்டும், "உடற்கூறியலை ஒரு தேர்வு வெச்சுப் பார்த்துட்டு எடுத்துக்கலாமே, இந்த ஆளுக்கு ஏதோ தெரியும்போல இருக்கு" என்றாள். நல்ல பெண். அவளைப் பார்த்து, ஒருவேளை சம்மதித்துவிடுவார்களோ என்று பயந்தேன். அது ஒன்றை மட்டும் ஏற்றால் மூன்று கிரெடிட், பன்னிரண்டுக்குக் கீழேதான், தப்பில்லை என்றும் தோன்றியது. நீ வண்டியில் உட்கார்ந்து படித்தது வீணாகாது என்றும் தோன்றியது. நான் வாய் திறந்தால் ஒன்று ஐந்தாகிவிடும் என்றும் தோன்றியது. வாய் திறக்கவில்லை.

ஐந்து பாடங்களும் தள்ளப்பட்டன. நான்குக்கு நான்கு. உடற்கூறியலுக்கு மட்டும் ஜோனெல் கையைத் தாமதமாகத் தூக்கினாள். ஒவ்வொன்றுக்கு நேரேயும் "ஏற்கத்தக்கதல்ல" என்று பதிந்து, கையெழுத்திட்ட நகல் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். மாதங்களைத் திரும்பக் கேட்கும்போது உனக்குத் தேவைப்படும்.

டீன் படம் எடுக்கிற பெண்ணோடு கிளம்பிவிட்டார். சனிக்கிழமை பான்கேக் மட்டும் உண்டாம், உரை இல்லை. அடுத்த ஆண்டு எந்தக் கமிட்டியிலும் நான் இருக்கப் போவதில்லை என்று அவருடைய உதவியாளர் மதியமே தெரிவித்தார். இருபது ஆண்டுகளில் கல்லூரி எனக்குச் செய்த முதல் நன்மை.

வெளியே வரும்போது புரூட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பின்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, கிரெட்சன்?"

"நீங்க சிரிச்சிருப்பீங்க."

"இப்பவும் சிரிச்சேனே?"

"ஆமாம். ரொம்ப நன்றி" என்றேன். அவர் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து உன் எண்ணைத் தடுப்பிலிருந்து எடுத்தேன். சூப் சூடாக்கிச் சாப்பிட்டேன். தொலைபேசி அடிக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. தபால் நிலையம் மூடுவதற்குள் இதைப் போட்டாக வேண்டும்.

கிரெட்